தமிழ்த் தேடலை எடைபோடுவது எப்படி: கையடக்கமான ஒரு சோதனைத் திரட்டை நீங்களே உருவாக்க முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒரு பழைய கிரயப் பத்திரம் கிடைக்கிறது. அதில் "அரை வேலி நன்செய்" என்று எழுதியிருக்கிறது. அது எவ்வளவு நிலம் என்று தெரியாத பேரன் தேடுபொறியைத் திறந்து "வேலி அளவு" என்று தட்டுகிறார். முள்கம்பி வேலி போட அடிக்கு என்ன செலவு என்று ஒரு பக்கம் வரலாம். சூரிய மின்வேலிக்கு மானியம் என்று இன்னொன்று. திருநெல்வேலி மாவட்டத்தின் பரப்பளவு மூன்றாவது. அவருக்கு வேண்டியதோ ஒரே வரி: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, குழியை 144 சதுர அடியாகக் கொள்ளும் தஞ்சைக் கணக்கில் ஒரு வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கர்.

இந்தத் தேடல் சரியில்லை என்று யாரும் சொல்லிவிடலாம். எவ்வளவு சரியில்லை, எதை மாற்றினால் எவ்வளவு தேறும் என்று எண்ணால் சொல்வதுதான் தகவல் மீட்பு என்னும் ஆய்வுத்துறையின் வேலை. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் விமானவியல் கல்லூரி நூலகராக இருந்த சிரில் கிளெவர்டன், 1950களின் பிற்பகுதியில் இதற்கு ஒரு முறையைத் தொடங்கிவைத்தார். ஓர் ஆவணத் திரட்டு, சில கேள்விகள், எந்தக் கேள்விக்கு எந்த ஆவணம் பொருந்தும் என்ற மனிதத் தீர்ப்புகள். இந்த மூன்றும் கையில் இருந்தால் எந்தத் தேடல் முறையையும் ஒரே தராசில் நிறுக்கலாம். அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய டிரெக், இந்திய மொழிகளுக்காகக் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் முன்னின்று 2008இல் தொடங்கிய ஃபயர், இரண்டும் இந்த வழியில் வந்த தேடல் மதிப்பீட்டு மாநாடுகள்தான்.

இருந்தும் தமிழுக்குப் பற்றாக்குறை தீரவில்லை. 2022இல் அறிவிக்கப்பட்ட மிராக்கிள் என்ற பன்மொழிச் சோதனைத் திரட்டில் 18 மொழிகள் இருக்கின்றன. தெலுங்கு உண்டு, வங்காளம் உண்டு, இந்தி உண்டு, யொரூபாவும் உண்டு. தமிழ் இல்லை. பெரிய நிறுவனம் வந்து செய்யட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஒரு சாதாரணக் கணினியும், பொறுமையான இரண்டு பேரும், சில வாரங்களின் மாலைப்பொழுதும் இருந்தால் போதும்.

படி 1: தேடுசொல்லுக்கு முன் தேவையை எழுதுங்கள்

பெரும்பாலான மாணவர்கள் மென்பொருளை நிறுவுவதில் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்; மூன்று வாரம் வீணாயிற்று. நிரல் ஓடியது, முடிவுகள் வந்தன, ஆனால் அவை நல்ல முடிவுகளா என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

முதலில் தேவை. நூலகவியலாளர் ராபர்ட் டெய்லர் 1968இல் ஒரு கட்டுரையில் கேள்விக்கு நான்கு நிலைகள் உண்டு என்றார். வாயால் சொல்லத் தெரியாத ஓர் உறுத்தல். மனத்துக்குள் குழப்பமாக ஓடும் விவரிப்பு. தெளிவாக வாக்கியமாக்கிய கேள்வி. கடைசியாக, இந்த நூலகத்துக்குப் புரியும் என்று நினைத்துச் சுருக்கி மாற்றிக்கொண்ட வடிவம். "வேலி அளவு" என்பது நான்காவது நிலை. பத்திரம், தாத்தா, பாகப்பிரிவினைக் கவலை எல்லாம் அதற்குள் காணாமல் போய்விட்டன. தேடுசொல்லை மட்டும் சேகரித்தால் சமரசத்தை மட்டுமே சேகரிக்கிறீர்கள்.

ஆகவே ஆட்களிடம் போங்கள். ஊர் நூலகத்தில், கல்லூரி விடுதியில், உறவினர் வீட்டில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாக எதைத் தேடிக் கிடைக்காமல் விட்டீர்கள்?" பதிலை அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள். அதன் பிறகு மட்டும், அதற்கு என்ன தட்டினார்கள் என்று கேளுங்கள். 2002இல் ஆந்த்ரே பிரோடர் வலைத்தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போக, ஒன்றைத் தெரிந்துகொள்ள, ஒரு காரியத்தை முடிக்க. "ரயில் டிக்கெட் முன்பதிவு" போன்ற முதல் வகையும் மூன்றாம் வகையும் உங்கள் திரட்டுக்கு உதவாது. இரண்டாம் வகையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டிரெக் ஆண்டுக்கு 50 தலைப்புகளை (ஒரு தேவைக்கு ஒரு தலைப்பு) வழக்கமாகக் கொண்டது. முதல் முயற்சிக்கு 30 தேறினால் நல்லது.

ஒவ்வொரு தேவையையும் டிரெக் பாணியில் மூன்று பகுதியாக எழுதவேண்டும். நம் உதாரணம் இப்படி வரும்:

தலைப்பு: வேலி அளவு.
விளக்கம்: நில அளவையில் வேலி என்பது எவ்வளவு பரப்பு? இன்றைய ஏக்கர் கணக்கில் என்ன வரும்?
தீர்ப்பு விதி: இன்றைய அளவுக்கு மாற்றிச் சொல்லும் பக்கத்துக்கு 2. மா, குழி, வேலி ஆகியவற்றின் உறவை மட்டும் சொல்லும் பக்கத்துக்கு 1. சுற்றுவேலி, மின்வேலி, வேலி என முடியும் ஊர்ப்பெயர்கள் எல்லாவற்றுக்கும் 0.

மூன்றாவது பகுதியை எழுதும்போதுதான் தேவை உங்களுக்கே விளங்கும். ஒரு தலைப்புக்கு அரைமணி நேரம் ஆகும். ஆகட்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆவணத்தைப் படித்துவிட்டு அதிலிருந்து கேள்வி தயாரிக்காதீர்கள். கிளெவர்டனின் முதல் சோதனை மீது விழுந்த பெரிய குற்றச்சாட்டே அதுதான்: மூல ஆவணத்தை வைத்தே கேள்வி செய்ததால், ஆவணத்தின் சொற்கள் கேள்விக்குள் கசிந்துவிட்டன. இரண்டாவது சோதனையில் அவர் வழியை மாற்றினார். ஆய்வுக் கட்டுரை எழுதியவர்களிடமே, உங்களை அந்த ஆய்வுக்குத் தூண்டிய கேள்வி என்ன என்று கேட்டு வாங்கினார். அப்படி வந்த 225 கேள்விகளும் 1400 ஆவணங்களும் இன்றும் பாடத்துக்குப் பயன்படுகின்றன.

படி 2: திரட்டைத் தேர்ந்து, உறையவைத்துவிடுங்கள்

தமிழ் விக்கிப்பீடியா கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள், திறந்த உரிமம், மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி. இரண்டே வரியில் நிற்கும் குறுங்கட்டுரைகளும் வழிமாற்றுப் பக்கங்களும் நிறைய உண்டு. வழிமாற்றுகளை நீக்குங்கள், குறுங்கட்டுரைகளை விட்டுவையுங்கள். நிஜத் தேடலில் அவையும் வந்து தொல்லை கொடுக்கத்தானே செய்யும்.

இறக்கிய நாளைக் குறித்துவைத்து, அதற்குப் பிறகு புதுப்பிக்காதீர்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் மாறாத ஓர் அடையாள எண் கொடுங்கள். இவ்வளவுதான்.

படி 3: எழுத்துகளைச் சீராக்குங்கள்

ஆங்கிலத்துக்கு எழுதிய பாடநூல்கள் இதை ஒரு பத்தியில் முடித்துவிடும். தமிழில் பாதித் தோல்வி இங்கேதான் நடக்கிறது.

"கொ" என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: கொம்பும் காலும் ஒரே குறியாக, அல்லது தனித்தனிக் குறிகளாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தேடுபொறிக்கோ அவை இரண்டு வேறு சொற்கள். யூனிகோடின் இயல்பாக்க விதி இதைச் சரிசெய்துவிடும், அதை முதலில் ஓட்டுங்கள்.

அதற்குச் சிக்காத ஒன்று உண்டு. கௌதமன் என்று எழுதவேண்டிய இடத்தில் கொம்பும் ளகரமும் சேர்த்துக் "கெளதமன்" என்று தட்டியிருப்பார்கள். ஔவையை "ஒளவை" ஆக்கியிருப்பார்கள். இயல்பாக்க விதிக்கு இது எழுத்துப்பிழை என்று தெரியாது. நீங்களே ஒரு விதி எழுதவேண்டும்: அந்த ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லையென்றால் மட்டும் மாற்று. அந்த நிபந்தனையை மறந்தால் "தெளிவு", "ஒளி" எல்லாம் சிதைந்துபோகும். ஸ்ரீ என்ற எழுத்துக்கும் இரண்டு சேமிப்பு வடிவங்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் அகற்றுங்கள்.

விக்கிப்பீடியாவை விட்டு வெளியே போய்ப் பழைய கோப்புகளைத் தொட்டால் வேறு உலகம். திஸ்கி, 1999இல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப், தனியார் எழுத்துருக்கள் என்று ஒவ்வொன்றும் ஒரு முறையில் குறியேற்றப்பட்டவை. முதல் திரட்டில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ரோமன் எழுத்தில் தமிழ் தட்டுபவர்களை என்ன செய்வது? "மழை"யின் ழகரத்தை இருவர் இருவிதமாக எழுதுவார்கள். அதில் ஒருவருடையது "மலை"யோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஃபயர் மாநாடு 2013இலேயே இதற்கெனத் தனிப் போட்டி வைத்தது. தலைப்புகளைச் சேகரிக்கும்போது அவர்கள் தட்டிய ரோமன் வடிவத்தையும் பதிவுசெய்துவையுங்கள். இப்போது பயன்படுத்த வேண்டாம். பின்னால் அது தனி ஆய்வாகும்.

படி 4: சொல்லின் வால்களைக் கவனியுங்கள்

வேலி, வேலியை, வேலியில், வேலிக்கு, வேலிகள், வேலியைப் (பின்னால் "பற்றி" வந்தால்). எளிய சொல்லுக்கே ஆறு உருவம் ஆயிற்று. நதியைக் குறிக்கும் ஆறு என்றாலோ "ஆற்றில்", நாடு என்றால் "நாட்டில்", மரம் என்றால் "மரத்தில்" என்று அடியே மாறிவிடுகிறது. வால் வெட்டும் நிரல் இதைச் சமாளிக்கத் திணறும்.

எளிய இடத்திலிருந்து தொடங்குவோம். சந்தியால் வந்து ஒட்டிய க், ச், த், ப் ஆகியவற்றைச் சொல்லின் இறுதியிலிருந்து வெட்டிவிடுங்கள். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை என்ற இலக்கண விதி இங்கே கணினிக்குக் கைகொடுக்கிறது. "யூடியூப்" போன்ற வந்தேறிச் சொற்களின் வாலும் கூடவே போகும், ஆனால் ஆவணத்திலும் தேடுசொல்லிலும் ஒன்றுபோல வெட்டினால் இரண்டும் மறுபடி பொருந்திவிடும். இந்த ஒரு வரி விதி செய்யும் நன்மையைப் பார்த்து நான் வியந்துபோனேன்.

அடுத்து வேற்றுமை உருபுகள். ஆங்கிலத்துக்கு மார்ட்டின் போர்ட்டர் 1980இல் எழுதிய வெட்டு விதிகள் புகழ்பெற்றவை. அவரே தொடங்கிய ஸ்னோபால் தொகுப்பில் இன்று தமிழுக்கும் விதிகள் இருக்கின்றன. அதை ஓட்டிப் பாருங்கள், ஆனால் கண்மூடி நம்பாதீர்கள். திரட்டில் அதிகம் வரும் 500 சொற்களை எடுத்து, வெட்டிய வடிவத்தைப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஒரு மாலை போகும். எந்தெந்த வெவ்வேறு சொற்கள் ஒன்றாகி நிற்கின்றன என்று அப்போதுதான் தெரியும்.

விதிகளே வேண்டாம் என்றால் இன்னொரு வழி, சொல்லை எழுத்துத் துண்டுகளாக நறுக்குவது. இரண்டிரண்டு எழுத்தாக நறுக்கினால் உருபு எதுவானாலும் முன்பகுதி பொருந்தும். உயிர்மெய்யை ஓர் எழுத்தாக எண்ணுங்கள். கணினிக் குறியீடுகளை எண்ணினால் துண்டு எழுத்தின் நடுவில் அறுந்துபோகும். இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு: திருநெல்வேலியின் வால்துண்டில் "வேலி" உட்கார்ந்திருக்கிறது. துண்டு முறை நம் பேரனை நேராக அங்கே கொண்டுபோய் விடக்கூடும்.

படி 5: மூன்று வரிசைகள்

இப்போதுதான் மென்பொருள். லூசின், டெரியர், வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் பைசெரினி என்று இலவசக் கருவிகள் பல. எதுவானாலும் சரி, பிஎம்25 என்ற வரிசைப்படுத்தும் சூத்திரத்தில் தொடங்குங்கள். லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ராபர்ட்சன் குழு 1990களில் வடித்தது. இன்றும் இதை முந்துவது சுலபமில்லை.

அதன் உயிர்நாடி, கேம்பிரிட்ஜில் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் முன்வைத்த ஓர் எண்ணம்: அரிதான சொல்லுக்கு அதிக எடை. ஒரு லட்சம் ஆவணங்களில் "வேலி" 100இல் மட்டும் வந்தால் விகிதம் 1000, பத்தின் அடுக்காக அதன் மடக்கை 3. "அளவு" 50,000இல் வந்தால் விகிதம் 2, மடக்கை 0.3. ஆக, "வேலி" பத்து மடங்கு கனம். பிஎம்25 இதோடு இரண்டு கட்டுப்பாடுகளைச் சேர்க்கிறது: ஒரே சொல் நூறுமுறை வந்தால் நூறு மடங்கு மதிப்பு கிடையாது, நீண்ட ஆவணம் நீளத்தால் மட்டும் ஜெயிக்கக் கூடாது.

மூன்று வடிவங்களை ஓட்டுங்கள்: வெட்டாத சொற்கள், ஸ்னோபால் வெட்டியவை, எழுத்துத் துண்டுகள். ஒவ்வொரு தலைப்புக்கும் முதல் 20 முடிவுகளைச் சேமியுங்கள். செயற்கை நரம்பு வலைப்பின்னல் மாதிரிகள் வைத்து மறுவரிசை செய்யும் ஆசை இருந்தால் நான்காவதாக அதையும் சேருங்கள். ஆனால் தராசு தயாராகும் முன் பொருளைக் குவிக்காதீர்கள்.

படி 6: திரளும் தீர்ப்பும்

ஒன்றரை லட்சம் கட்டுரையையும் 30 தலைப்புக்குப் படித்துத் தீர்ப்பு சொல்ல யாராலும் ஆகாது. ஸ்பார்க் ஜோன்ஸும் வான் ரைஸ்பெர்கனும் 1975இல் சொன்ன வழி எளியது. எல்லா முறைகளின் மேல்வரிசை முடிவுகளையும் ஒன்றாகக் கொட்டி, இரட்டிப்பை நீக்கி, அந்தத் திரளை மட்டும் படியுங்கள். மூன்று முறைகள், தலா 20 என்றால் ஒரு தலைப்புக்கு அதிகபட்சம் 60; முப்பதுக்கு 1800. ஒன்றுக்கு அரை நிமிடம் வைத்தாலும் 15 மணி நேரம். ஒரே மூச்சில் செய்யாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பின் கை எல்லாவற்றுக்கும் 0 போடத் தொடங்கும்.

எந்த முறை எந்த ஆவணத்தைக் கொடுத்தது என்பது தீர்ப்பவருக்குத் தெரியக் கூடாது. வரிசையையும் கலைத்துவிடுங்கள். முடிந்தால் தேவையைச் சொன்ன ஆளே தீர்ப்புச் சொல்லட்டும்.

சில தலைப்புகளையாவது இரண்டாமவரும் தனியாகத் தீர்க்கவேண்டும். நூறு ஆவணங்களில் இருவரும் பொருந்தும் என்றவை 20, இருவரும் பொருந்தாது என்றவை 60, மீதி 20இல் ஆளுக்குப் பத்தை மட்டும் பொருந்தும் என்றார்கள் என்று வைப்போம். ஒற்றுமை 80 சதவீதம் என்று மகிழவேண்டாம். ஒவ்வொருவரும் 30ஐப் பொருந்தும் என்றிருக்கிறார்கள். குருட்டாம்போக்கில் போட்டாலே 58 சதவீதம் ஒத்துப்போகும். தற்செயலைக் கழித்துப் பார்க்கும் கோஹனின் கப்பா அளவு இங்கே 0.52தான்.

அந்த எண்ணைப் பார்த்து மனம் உடையவும் வேண்டாம். டிரெக் தீர்ப்பாளர்களையே எல்லன் வூர்ஹீஸ் 1998இல் சோதித்தார். இருவரில் ஒருவராவது பொருந்தும் என்றவற்றில் இருவரும் ஒப்புக்கொண்டவை பாதிகூடத் தேறவில்லை. ஆனாலும் யாருடைய தீர்ப்பை எடுத்தாலும், முறைகளுள் எது மேல் எது கீழ் என்ற வரிசை ஏறக்குறைய அப்படியே நின்றது. மொத்த மதிப்பெண் ஆடலாம், ஒப்பீடு ஆடுவதில்லை. அதனால் உங்கள் முடிவில் "இந்த முறை இவ்வளவு பெற்றது" என்று அழுத்திச் சொல்லாதீர்கள்; "இது அதைவிட மேல்" என்று சொல்லுங்கள்.

திரளுக்கு வெளியே தவறிப்போனவை? இருக்கும். டேவிட் பிளேரும் எம். இ. மாரோனும் 1985இல் வெளியிட்ட ஆய்வை நினைவில் வையுங்கள். ஒரு வழக்குக்காக ஏறக்குறைய 40,000 ஆவணங்களைத் தேடிய வழக்கறிஞர்கள், பொருந்துபவற்றில் 75 சதவீதம் கைக்கு வந்துவிட்டதாக நம்பினார்கள். உண்மையில் வந்தது சராசரியாக 20 சதவீதம். அவர்கள் விபத்து என்று தேடினார்கள். அதில் நேரடியாகச் சம்பந்தப்பட்டவர்களோ "சம்பவம்", "நிலைமை", "சிக்கல்" என்று எழுதிவைத்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு மனிதர் கையால், வேறு வேறு சொற்களில் கால்மணி நேரம் தேடி, கிடைப்பதைத் திரளில் சேர்க்கட்டும்.

படி 7: எண்கள்

"வேலி அளவு" தலைப்புக்குப் பொருந்தும் ஆவணங்கள் இரண்டே என்று வைப்போம்: ஒன்றின் தரம் 2, மற்றதன் தரம் 1. வெட்டாத முறை அவற்றை இரண்டாம், நான்காம் இடங்களில் கொடுக்கிறது (தரவரிசை 0, 2, 0, 1, 0). வெட்டிய முறை முதல் இரண்டு இடங்களில், ஆனால் வரிசை மாற்றி (1, 2, 0, 0, 0). முதல் ஐந்தின் துல்லியம், அதாவது அந்த ஐந்தில் பொருந்துபவற்றின் பங்கு, இரண்டுக்கும் 0.4. அந்த அளவுகோலுக்கு வரிசை தெரியாது.

பின்லாந்தின் தாம்பரே பல்கலைக்கழகத்தில் யார்வெலின், கெக்கலைனென் இருவரும் 2002இல் விரிவாக முன்வைத்த என்டிசிஜி அளவு வரிசையைக் கவனிக்கும். தரத்தை, இட எண்ணோடு ஒன்றைக் கூட்டி அதன் இரண்டடிமான மடக்கையால் வகுக்கவேண்டும். முதல் முறைக்கு 2/1.585 கூட்டல் 1/2.322, அதாவது 1.69. இரண்டாவதற்கு 1 கூட்டல் 1.26, அதாவது 2.26. குறையற்ற வரிசை பெறக்கூடியது 2 கூட்டல் 0.63, அதாவது 2.63. அதனால் வகுத்தால் 0.64, 0.86. பேரனின் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இப்போது எண்ணிலும் தெரிகிறது.

சராசரியை மட்டும் பார்த்து வெற்றி அறிவிக்காதீர்கள். 30 தலைப்புகளிலும் இரண்டு முறைகளின் வேறுபாட்டைத் தனித்தனியாக எழுதி, அந்த வேறுபாடுகளின் குறியைச் சீரற்று மாற்றிப் பத்தாயிரம் முறை சராசரி பாருங்கள். உங்களுக்குக் கிடைத்த அளவோ அதற்கு மேலோ எத்தனை முறை தற்செயலாகவே வருகிறது என்று எண்ணுங்கள். நூற்றில் ஐந்துக்கும் மேல் என்றால், நீங்கள் கண்டது தலைப்புகளின் அதிர்ஷ்டமாக இருக்கலாம். பிறகு வெட்டிய முறை தோற்ற தலைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து படியுங்கள். ஆய்வுக் கட்டுரையின் சுவையான பகுதி அங்கேதான் கிடைக்கும்.

படி 8: ஆட்களைப் பாருங்கள்

இதுவரை செய்தது, ஒரு தேடுசொல்லுக்கு ஒரு பட்டியல் என்ற கற்பனை. ஆட்கள் அப்படித் தேடுவதில்லை. ஆல்டாவிஸ்டா என்ற பழைய தேடுபொறியின் சுமார் நூறு கோடித் தேடல்களை ஆராய்ந்த 1990களின் பிற்பகுதி ஆய்வில், ஒரு தேடலில் சராசரியாக 2.35 சொற்களே இருந்தன. ஏறக்குறைய 85 சதவீதத் தேடல்களில் முதல் பக்கத்தைத் தாண்டிப் போகவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தார்ஸ்டன் யோஆக்கிம்ஸ் குழுவினர் 2005இல் கண்ணசைவைப் பதிவுசெய்தபோது, முடிவுகளை இடம் மாற்றி வைத்தாலும் மேலே இருப்பதையே அதிகம் சொடுக்கினார்கள். அதனால் சொடுக்கு விழுந்த பக்கத்தைப் பொருத்தமான பக்கம் என்று எழுதிவிடாதீர்கள்.

ஐந்து பேர் போதும். டென்மார்க்கின் பியா போர்லுண்ட் சொல்லித்தந்தபடி, தேடுசொல்லைக் கொடுக்காமல் ஒரு சிறு கதையைக் கொடுங்கள்: "உங்கள் தாத்தாவின் பத்திரத்தில் இப்படி எழுதியிருக்கிறது. நாளை தம்பியிடம் பேசவேண்டும்." தேடும்போது மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பதிவு செய்ய முன்னனுமதி வாங்குங்கள். பெயரை நீக்கி எண் போட்டால் மட்டும் போதாது: 2006இல் ஏஓஎல் நிறுவனம் ஏறக்குறைய 6.5 லட்சம் பேரின் தேடல்களை எண் போட்டு வெளியிட்டது; தேடுசொற்களை வைத்தே ஒருவரை நாளிதழ் கண்டுபிடித்துவிட்டது. ஊரும் உறவும் இருக்கும் தேடுசொற்களை மூலப் பதிவோடு பூட்டிவையுங்கள்.

பதிவில் எதைப் பார்ப்பது? தேடுசொல் மாறும் இடத்தை. "வேலி அளவு" என்று தொடங்கியவர் "பழைய நில அளவு" என்று மாறி, மூன்றாவதாக "ஒரு குழி எத்தனை சதுர அடி" என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் ஒவ்வொரு பழமாகப் பறித்துச் சேர்ப்பதைப் போன்றது தேடல் என்று மார்சியா பேட்ஸ் 1989இல் எழுதினார். குழி என்ற சொல் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேளுங்கள். நடுவில் திறந்து மூடிய ஏதோ ஒரு பக்கத்திலிருந்து வந்திருக்கும். அந்தப் பக்கத்தை உங்கள் தீர்ப்புக் கோப்பில் தேடிப் பாருங்கள். அதற்கு நீங்கள் 0 போட்டிருந்தால், பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவையுங்கள். அடுத்த திரட்டுக்கான தீர்ப்பு விதியை அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதத் தொடங்கலாம்.